அண்ணன் சொன்ன ஓம்

மாப்பிள்ளை சஞ்சீவன் சைவ சமயத்தவன் என்பதால் கிறிஸ்தவர்களான றெபேக்காவின் வீட்டார் முகம் திருப்பிக்கொண்டார்கள். சிவில் கலியாணம்தான் என்று முடிவெடுத்து, தமிழில் நடத்திவைக்க ஆள் தேடி அலைந்தாள். அரசிடம் அனுமதி எடுத்தால் சொந்தக்காரரே நடத்தலாம் என்று அறிந்ததும் அவளுடைய அண்ணன் ஜெறோம், "நானே செய்யிறன்" என்றான். வீட்டில் ஒருவனாவது தன் பக்கம் நிற்கிறானே என்று அழுதுவிட்டாள்.

கலியாணத்தன்று லாசாலில் வாடகைக்கு எடுத்த மண்டபம் நிறைந்திருந்தது. ஜெறோம் வரவில்லை. றெபேக்காவுக்குத் தொலைபேசியில்தான் அகப்பட்டான்.

"அனுமதி எடுத்தனீங்களோ அண்ணை?"

"இல்லை. நான் கேக்கவேயில்லை."

"அப்ப ஏன் ஓமெண்டனீங்கள்?"

"சொல்லாட்டி நீ வேற ஆளைப் பிடிச்சிருப்பாய்."

அவனுக்குப் பக்கத்தில் அப்பா சிரிப்பது கேட்டது.

விஷயம் தெரிந்ததும் சஞ்சீவனின் தாய் எழுந்தாள். "சொந்தத் தமையனே கைவிட்ட பெட்டை எங்களுக்கு வேண்டாம்."

சஞ்சீவன் றெபேக்காவைப் பார்க்காமலே தாயின் பின்னால் போனான்.