அக்ரூட்டுக்கு ஜாமீன்

பக்கத்து வீட்டு ஹம்ரோகுலின் அக்ரூட் மரத்தில் தொடைப் பருமனுள்ள ஒரு கிளை மண்மதிலைத் தாண்டி வந்து, சவ்ரினிசோவின் முற்றத்து வெயிலை மூன்று வருடமாகத் தின்றுகொண்டிருந்தது. அந்த முற்றம்தான் அவளுக்குச் சோறு போட்டது. ஆப்ரிகாட்டைப் பிளந்து, தட்டில் பரப்பிக் காயவைத்து, இஸ்ஃபரா சந்தைக்கு அனுப்புகிறவள். நிழலில் எது காயும்? பாதிக்குப் பாதி பூஞ்சை. கேட்டால், "எங்கப்பா வச்ச மரம், தங்கச்சி. ஒரு இலையைக் கிள்ள விடமாட்டேன்" என்பார். மரம் அவருக்கு, நிழல் இவளுக்கு. நல்ல நியாயம்!

மரமோ இரண்டு வருடமாகக் காய்க்கவில்லை. பிப்ரவரியில், ஊர் வழக்கப்படி மரத்தை மிரட்டக் கோடரியோடு வந்து நின்றார். ஒருவர் ஓங்க வேண்டும். இன்னொருவர், "வெட்டாதே, இந்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன்" என்று மன்றாட வேண்டும். யாரும் மன்றாடாமல் கோடரியை இறக்கினால் மரத்துக்குப் பயம் விட்டுப்போகும். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மதிலுக்கு மேல் தெரிந்தது சவ்ரினிசோவின் தலை மட்டும்தான்.

"வெட்டிடுவேன்!" என்று ஓங்கினார்.

அவள் தன் பக்கம் நீண்டிருந்த கிளையை அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்லேன் தங்கச்சி, கை கடுக்குது."

"வெட்டுங்கண்ணே. எனக்கு வெயில் வரும்."

"அடிப்பாவி! விளையாடுற நேரமா இது?"

"என் பக்கம் வந்த கிளையைக் குடுங்க. மிச்ச மரத்துக்கு நான் ஜாமீன்."

கோடரியை அவர் இன்னும் இறக்கவில்லை. "சரி, தொலை. ஆனா காய்க்கலேன்னா இந்தக் கோடரி உன் வாசல் ஆப்ரிகாட்டுல இறங்கும். சம்மதமா?"

அவளிடம் இருந்ததிலேயே அதிகம் காய்க்கிற மரம் அது. அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும், "சம்மதம்" என்றாள்.

"அப்ப இன்னிக்கே வெட்டு."

"குளிர்ல வெட்டினா அக்ரூட் வாரக்கணக்கா சாறு வடிச்சு அழும். இலை முத்தட்டும். அவசரப்படுத்தி என்னை மாட்டிவிடப் பாக்குறீங்களா?"

ஆப்ரிகாட் பழுக்குமுன், ஜூன் தொடக்கத்தில் ஏணி போட்டாள். முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்தாள். பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து. பட்டை கிழியாமல் கிளை விழுந்தது. கடைசியாக, கிளையின் அடியில் புடைத்திருந்த வளையத்தை விட்டுவிட்டு மிச்சக் கட்டையை எடுத்தாள்.

"ஒட்ட வெட்டு! அசிங்கமா இருக்கு. சாணியாவது பூசு" என்று கீழேயிருந்து கத்தினார்.

"இந்தக் கழுத்துதான் புண்ணை மூடும். இதை வெட்டினா உள்ளே அழுகும். நீங்க பேசாம இருந்தா அதுவே பெரிய மருந்து."

அந்தக் கோடையில் ஆப்ரிகாட் தங்கமாகக் காய்ந்தது. ஆனாலும் அவளுக்கு நிம்மதி இல்லை. தினமும் விடிந்ததும் மதிலருகே போய்ப் புண்ணைப் பார்ப்பாள். ஆகஸ்டில் விளிம்பெல்லாம் உதடு மாதிரி தடித்து உள்நோக்கி வந்தது, கீழே நான்கு தளிர் எழுந்தது. "பிழைச்சுட்டே, ராசா" என்றாள். காய்தான் கண்ணில் படவில்லை. இலை அவ்வளவு அடர்த்தி. ஏறிப் பார்க்கவும் அவர் விடவில்லை.

செப்டம்பர் கடைசியில் கோடரியோடு அவள் வாசலுக்கு வந்தார்.

"ஒத்தக் காய் இல்ல. வாக்கு வாக்குதான்."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். ஆப்ரிகாட் மரத்தடியில் அடுக்கியிருந்த காலித் தட்டுகளைத் தானே எடுத்து ஓரமாக வைத்தாள்.

"குடுத்தது நான். வெட்டுங்க."

அவர் ஓங்கினார். கொளுத்தும் வெயிலில் விரல் நுனிவரை மூடும் நீளக் கை அங்கி. ஓங்கியதில் அங்கியின் இரண்டு கையும் முழங்கைவரை சரிந்தது. உள்ளங்கை, பத்து விரல், நகக்கண் எல்லாம் கரிக் கறுப்பு. பச்சை அக்ரூட்டின் தோலை உரித்தவன் கைக்குத்தான் அந்தக் கறை வரும். சோப்பு, மணல், எதற்கும் போகாது.

"கையை இறக்காதீங்கண்ணே" என்றாள் சவ்ரினிசோ. நெருங்கி வந்து அந்த விரல்களைப் பார்த்தாள். "எத்தனை மூட்டை?"

அவர் மரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மூணு. ஒரு பொம்பளைகிட்ட தோத்தேன்னு ஊர் பேசுமேன்னு... விடியுமுன்ன இறக்கிட்டேன்."

"நாளைக்கு உங்க தம்பி மகனுக்குக் கல்யாணம். வாசல்ல நிக்கப்போறது நீங்க. ஊரே வந்து அந்தக் கையைப் பிடிச்சு சலாம் சொல்லும்."

அவர் கையிலிருந்த கோடரியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, தட்டுகளைத் திரும்ப மரத்தடியில் அடுக்க ஆரம்பித்தாள்.