வாசலோடு நின்ற சப்பாத்து

றொகானின் பாதத்துப் புண் ஏன் ஆறவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை. விளங்காத ஒன்றை அப்படியே விட்டுவிடும் குணமும் எனக்குக் கிடையாது. ஹஃபீலா கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள் என்று வீட்டில் சொல்வார்கள்.

பாலாவி தாண்டி, கடலோரமாக இருக்கும் முன்னாள் படைவீரர் வைத்தியசாலையில் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு நான் பொறுப்பு. றொகான் சிலாபத்துக்காரர். இடது காலைக் கண்ணிவெடி கொண்டுபோய்விட்டது. செயற்கைக் காலோடு உப்பளத்தில் மூட்டை நிறுக்கிறார். மிச்சமிருந்த வலது காலில் குழாய் அடைத்து, நீரிழிவால் உணர்வும் செத்துப்போயிருந்தது. இடது தொடையிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து வலது காலில் புதுப்பாதை போட்டேன். கருவியை வைத்தால் இரத்தம் உஷ் உஷ் என்று ஓடுவது நன்றாகக் கேட்கும். பிறகென்ன, ஆற வேண்டியதுதானே?

வார்டில் படுத்திருந்தால் புண் சுருங்கும். வீட்டுக்குப் போய் பத்து நாளில் வந்தால் அதே இடத்தில் திறந்திருக்கும்.

"உப்புத் தண்ணிக்குள்ள இறங்கினீங்களா?"

"இல்ல டொக்டர். தராசுக்குப் பக்கத்துலதான் நிக்கிறன்."

மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "பொய் சொல்லாதீங்க றொகான்," என்று பத்துக் கட்டில்காரரும் கேட்கச் சொன்னேன். அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். புண் எலும்பை நெருங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுப்பதென்று பட்டியலில் அவர் பெயரை எழுதினேன். அந்தக் காலும் போனால் தராசடி வேலையும் போய்விடும் என்று தெரிந்துதான் கையெழுத்து வைத்தார்.

வியாழன் பகல் மழை கொட்டியது. சிற்றூழியர் முஹ்ஸின் வாசலில் கிடந்த செருப்பு, சப்பாத்தையெல்லாம் ஒரு பேசினில் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். காலில் போட்டுக்கொண்டு யாரும் வார்டுக்குள் வரக்கூடாதென்பது நான் பொறுப்பெடுத்த முதல் வாரமே போட்ட சட்டம். மும்மொழியிலும் பலகை வைத்தேன். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் பௌத்த பன்சலைக்கும் கழற்றிப் பழகியவர்கள், இங்கேயும் உடனே கழற்றினார்கள். எனக்கு அதில் பெருமைகூட.

"ஏன் முஹ்ஸின் இதெல்லாம் உள்ள?"

"நனஞ்சா போகக்குள்ள எதப் போடுற, டொக்டர்?" என்றவர், எதிர்க்கேள்வி கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். கையில் இருந்த சப்பாத்து றொகானுடையது என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வலது சப்பாத்தின் அடி ஒரு விரல் தடிப்பாக இருந்தது. றொகானின் கட்டிலுக்குக் கொண்டுபோனேன்.

"இது ஏன் உயரம்?"

"செயற்கைக் கால் கொஞ்சம் நீளம் கூட, டொக்டர். நடக்கக்குள்ள இடுப்பு சாயுது. லொறி டயர் துண்டு வெட்டி நானே அடிச்சன்."

"எதால அடிச்சீங்க?"

"ஆணியால."

கையை உள்ளே விட்டுத் தடவினேன். ஒன்றுமில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. சப்பாத்தைத் தரையில் வைத்து, உள்ளே கையை ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டேன். சுருக்கென்றது. விரலில் ஒரு பொட்டு இரத்தம்.

பாரம் விழுந்தால் மட்டும் தலைநீட்டும் அந்த ஆணி, ஆறு மாதமாக ஒவ்வொரு அடிக்கும் குத்தியிருக்கிறது. செத்துப்போன கால் அவரிடம் சொல்லவில்லை. என் பலகை என்னிடம் சொல்லவிடவில்லை. நாளத்தையும் எலும்பையும் படம் பிடித்துப் பார்த்த நான், வாசலில் கிடந்த இதைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன்.

"றொகான் பொய் சொல்லயில்ல," என்றேன், அதே பத்துக் கட்டில்காரரும் கேட்க. "பிழை என்னிலதான். மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் என் விரலையும் சப்பாத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு இல்ல. ஆறு கிழமை இந்தக் கால ஊண்டப்படாது. ஆறுதா எண்டு பாப்பம்."

அவர் இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். பலகையை முஹ்ஸின் அன்றைக்கே கழற்றினார். இப்போது வருகிற எல்லாச் சப்பாத்துக்குள்ளும் நான் கையை விட்டுப் பார்க்கிறேன்.

ஏழாம் வாரம் புண் மூடியிருந்தது. அடுத்த கிளினிக்குக்கு றொகான், ஆணியில்லாமல் அடி உயர்த்திய புதுச் சப்பாத்தோடு வந்தார். பழக்கத்தில் வாசலில் நின்று குனிந்தார்.

"கழட்டாம வாங்க," என்றேன்.

"போட்டுக்கொண்டா, டொக்டர்?"

"ஓம். ரெண்டையும்."

இடுப்புச் சாயாமல் நடந்து உள்ளே வந்தார்.