கப்பலில் ஒரு ஃப்ளாட்

ரத்மிலாவுக்குப் பாம்புக் காது என்று ஸ்டுடியோவில் பெயர். கேட்டால் அவளுக்குக் கோபம் வராது, உள்ளூரப் பெருமைதான். பிராக் நகரத்தில், வெளிநாட்டுப் படங்களுக்கு செக் மொழியில் குரல் கொடுக்கும் அந்த ஸ்டுடியோவில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் நடிகர் எவராவது ஒரு நெடிலை விழுங்கினால் பொத்தானை அழுத்தி, "நீட்டுங்க" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் மாதச் சம்பளம் என்று கேலி பேசுவார்கள்.

கேலி பேசுகிறவர்களுக்கும் தெரியும், அது சும்மா சம்பளம் இல்லை என்று. செக் மொழியில் நெடில் பிசகினால் குடி முழுகிப் போகும். 'அன்பே' என்று கதாநாயகன் உருக வேண்டிய இடத்தில் நீட்டலை ஓர் அசை முன்னால் போட்டுவிட்டால் 'ரயில் பாதையே' என்று உருகியதாக ஆகிவிடும். படம் பார்க்கிறவன் சிரித்துவிடுவான்.

இத்தனைக்கும் வீட்டுக்கு வந்துவிட்டால் ரத்மிலாவும் எல்லாரையும் போல ஒரு பிராக்காரிதான். ஜன்னலுக்கு 'ஒக்னோ' என்பது ஏட்டு மொழி. அவள் 'வொக்னோ' என்பாள். வாக்கியத்தின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவாள். அதையெல்லாம் அவள் காது கண்டுகொள்ளாது. நம் வீட்டு வாசனை நம் மூக்குக்குத் தெரிவதில்லையே, அப்படி.

ஓல்டா அவள் வாழ்க்கையில் வந்தது ஒரு பழுதான லிஃப்ட்டின் தயவால். ஸ்டுடியோ லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ரத்மிலா. மேலேயிருந்து மெக்கானிக்கின் குரல் கேட்டது.

"கதவத் தொடாதீங்க. இப்ப வந்துடும்."

"நீங்க எந்த ஊரு?" என்றாள் ரத்மிலா உள்ளேயிருந்து.

"ஓஸ்ட்ராவா. ஏன்?"

"இல்ல, ஒரு நெடில்கூட மிச்சம் வைக்காம முழுங்கறீங்களே, அதான்."

மேலேயிருந்து அந்தக் குரல் சொன்னது: "லிஃப்ட்ல மாட்டுனவங்க எப்ப வெளிய விடுவேன்னு கேப்பாங்க. என் இலக்கணத்தைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

ஓஸ்ட்ராவாக்காரர்கள் பேச்சு அப்படித்தான். நாட்டின் மறு கோடியில், நிலக்கரியும் எஃகுமாகப் பிழைத்த ஊர். அங்கே எல்லா உயிரும் குறில்தான். பறவைக்குச் சொல்வது போலத் தங்களைத் தாங்களே 'குட்டை அலகு' என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். பல்லில் உரசிக்கொண்டு வருகிற அந்தப் பொல்லாத 'ர்ழ்' ஒலி, செக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும்வரை திண்டாடுகிற ஒலி, அதுகூட ஓல்டாவுக்குச் சுத்தமாக வரும். நெடில் மட்டும் வராது.

ஒரு வருஷம் அவர்கள் நன்றாக இருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டியாகிவிட்டது, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓல்டா வேலையாட்கள் விடுதியில் ஓர் அறையை இன்னொருவனோடு பங்குபோட்டுக்கொண்டு தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்மிலாவின் ஃப்ளாட்டுக்கு வருவான். சாப்பிட்டுவிட்டு நடப்பார்கள், பீர் குடிப்பார்கள். அவள் அவன் பேச்சைத் திருத்துவாள். அவன் அவளுடைய 'வொ'வைக் கேலி செய்வான். சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த ஃப்ளாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெர்ஷொவிட்ஸேயில், மரங்கள் அடர்ந்த தெருவில், உயரமான கூரையோடு இரண்டு அறைகள். பிராக்கில் இன்று அப்படி ஒன்று வாங்க வேண்டுமானால் மறுபடி பிறந்து வர வேண்டும். விவாகரத்தின்போது முன்னாள் கணவன் வேறெதையும் கேட்கவில்லை. அவளைக் கேட்கவில்லை, சேர்ந்து வாழ்ந்த வருஷங்களைக் கேட்கவில்லை, ஃப்ளாட்டில் பாதியைக் கேட்டான். சாஸாவா ஆற்றங்கரையில் அவள் அப்பா தன் கையால் கட்டிய வார இறுதிக் குடிலை விற்றுத்தான் அவன் வாயை அடைத்தாள். ஆற்றங்கரை போன துக்கத்தைவிட, இத்தனை நாளும் தன்னோடு வாழ்ந்தவன் உண்மையில் சுவர்களோடுதான் வாழ்ந்திருக்கிறான் என்பதுதான் அவளை அறுத்தது.

ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு பார்க்கும் ஸ்லாவ்காவுக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும். அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏன்டி, உன் குட்டை அலகு இன்னும் விடுதியிலதான் இருக்கானா?"

"ஆமா. அந்த விடுதியையும் இழுத்து மூடப் போறாங்களாம்."

"அப்ப பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்க வருவான்னு நினைக்கிற?"

"அவன் அப்படி இல்ல ஸ்லாவ்கா."

"உன் புருஷனப் பத்தியும் இதேதான சொன்ன?"

ரத்மிலாவுக்கு முள் தைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓல்டா வழக்கம்போல வாசலில் ஷூவைக் கழற்றி, அவனுக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான். கிரீம் குழம்பில் மாட்டிறைச்சியும், க்னெட்லிக் என்கிற அவித்த மாவுத் துண்டுகளும் வைத்தாள். கடைசித் துண்டால் தட்டைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு அவன் பேச்சை எடுத்தான்.

"கம்பெனில கூப்பிட்டுக் கேட்டாங்க. ஓஸ்ட்ராவா கிளைக்கு என்னையே தலைமை மெக்கானிக்காப் போடுறாங்களாம். நாளைக்குப் பதில் சொல்லணும்."

"நீ என்ன சொல்லப் போற?"

அவன் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குத் தலைமையும் வேணாம், சம்பள உயர்வும் வேணாம். எனக்கு பிட் போதும். இங்க, உன்கிட்ட."

'பிட்' என்றால் செக் மொழியில் ஃப்ளாட்.

ரத்மிலா அவன் காலில் இருந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தாள். ஜன்னலை, கூரையை, அவன் எப்போதோ எண்ணெய் போட்டுக் கொடுத்த கதவுக் கீலைப் பார்த்தாள். எல்லாம் ஸ்லாவ்கா சொன்ன பக்கமே சாய்ந்தன. வெட்கம்கூட இல்லாமல் முகத்துக்கு நேரே கேட்கிறானே.

"நீங்க கிளம்பலாம்" என்றாள்.

ஓல்டா சிரிக்கப் பார்த்தான். "நீங்களா? யாரு, நானா?"

"நேரமாச்சு. உங்க கோட்டு அங்க இருக்கு."

ஒரு வருஷம் 'நீ' என்று கூப்பிட்ட வாய் 'நீங்க' என்று சொன்னால் அதற்கு மேல் செக் நாட்டில் திட்டவே தேவையில்லை. ஓல்டா எழுந்தான். என்ன தவறு செய்தான் என்று கேட்க வாயைத் திறந்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். ஷூக் கயிற்றைக் கட்ட அவனுக்கு வெகு நேரம் ஆயிற்று. மறுநாள் ஓஸ்ட்ராவாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டான் என்று லிஃப்ட்டுக்கு வந்த புது ஆள் வழியாகத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஸ்லாவ்கா, "தப்பிச்சடி" என்றாள். தப்பித்தவள் மாதிரி ரத்மிலா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருத்திக்குச் சமைக்கக் கை வரவில்லை. ரொட்டியை நின்றபடியே தின்றாள்.

இலை உதிர்ந்து முடிந்த சமயத்தில் ஒரு கப்பல் படம் வந்தது. புயலில் கப்பல் மூழ்குகிறது. எல்லாரும் படகில் ஏறியாகிவிட்டது, மேல்தளத்தில் கிழட்டுக் கேப்டன் மட்டும். 'நான் இந்தக் கப்பலிலேயே இருக்க விரும்புகிறேன்' என்பது வசனம். குரல் கொடுத்தவர் நல்ல கம்பீரமான நடிகர், ஆனால் ஓஸ்ட்ராவாவில் பிறந்தவர். உணர்ச்சி பொங்கியதும் பிறந்த ஊர் எட்டிப் பார்த்துவிட்டது.

ரத்மிலா தன்னையறியாமல் பொத்தானை அழுத்தினாள். "நீட்டுங்க. பிட் இல்ல, பீட். இப்ப நீங்க சொன்னது, 'இந்தக் கப்பல்ல எனக்கு ஒரு ஃப்ளாட் வேணும்'."

அறை முழுக்கச் சிரிப்பு. "குடுத்துடலாம், கடல் பாத்த மாதிரி" என்றாள் ஸ்லாவ்கா. நடிகரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதாம்மா. இருக்கறதும் பிட்டு, இருக்கற எடமும் பிட்டு."

ரத்மிலா மட்டும் சிரிக்கவில்லை. விரல் பொத்தான் மேலேயே இருந்தது. 'பீட்' என்றால் இருப்பது. ஓல்டா சொன்னதும் அதைத்தான். எனக்கு இருந்தால் போதும். இங்கே, உன்னிடம்.

இதே திருத்தத்தை ஓஸ்ட்ராவாவிலிருந்து வந்த எத்தனையோ பேருக்கு அவள் தூக்கத்திலும் சொல்லியிருப்பாள். தன் சாப்பாட்டு மேஜையில், தன் முகத்துக்கு எதிரே அவன் சொன்னபோது மட்டும் அந்தக் காது எங்கே போயிருந்தது?

அன்று மாலையே போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினாள்.

ஓஸ்ட்ராவாவில் இறங்கியதிலிருந்து காதில் குறில் மழை. டிராமில் இரண்டு பெண்கள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். உயிரெழுத்துக்கு ஊரில் ரேஷன் போட்டுவிட்டார்களோ என்று தோன்றியது. ஒவ்வொரு சொல்லிலும் அவளுக்கு ஓல்டாவின் குரல் கேட்டது. லிஃப்ட் கம்பெனியின் பணிமனைக்குப் போய், வாசலில் நின்ற பருத்த பெண்மணியிடம் எந்த 'வொக்னோ'வில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டாள்.

"பிராக்கா?" என்றாள் அந்தப் பெண்மணி. "எங்ககிட்ட 'ஒக்னோ'தாம்மா இருக்கு. அந்த 'வ'வ ரயில்லயே விட்டுட்டு வந்திருக்கலாமே. யாரப் பாக்கணும்?"

ஓல்டா கிரீஸ் கையோடு வெளியே வந்தான். அவளைப் பார்த்து நின்றான். இளைத்திருந்தான். காண்டீனில் ஒரு மூலை மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: அவன் என்ன சொன்னான், அவள் காதில் என்ன விழுந்தது, கேப்டன், கப்பல், எல்லாம். பாதியில் அவன் முகத்தில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"ஒரு நெடிலுக்காகவா?" என்றான்.

"எனக்குக் கேட்டது அப்படி, ஓல்டா."

"ஒரு வருஷம் உன்கிட்ட வந்து போனேன். அந்த ஒரு வருஷம் காதுல விழல. ஒரு எழுத்து விழுந்துருச்சு." குரல் உயரவில்லை. "நான் ஃப்ளாட்டுன்னே சொல்லியிருந்தாக்கூட, இவன் அப்படிக் கேக்குற ஆள் இல்லையே, வாய் தவறியிருக்கும்னு உனக்குத் தோணியிருக்கணும். நீ அதக் கேக்கத் தயாரா உக்காந்திருந்த ரத்மிலா. நான் எத நீட்டுனாலும் உனக்கு அதான் கேட்டிருக்கும்."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"வந்து இருந்துக்கோ" என்றாள். "வெர்ஷொவிட்ஸேக்கு. நான்தான் கூப்பிடறேன்."

"அந்த ஃப்ளாட்டுக்குள்ள நான் இனிமே கால் வைக்க மாட்டேன்" என்றான் ஓல்டா. "ஒவ்வொரு ஆணி அடிக்கறப்பவும் நீ என்ன நினைக்கிறியோன்னு எனக்கு இருக்கும். அது வேணாம்."

சட்டென்று எழுந்தான். "ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒண்ணு நிக்குது. போகணும்" என்று போய்விட்டான்.

போகச் சொன்னானா, இருக்கச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போகிற ரயில்கள் இருந்தன. அவள் எழவில்லை. உருளைக்கிழங்கு சூப் வாங்கினாள், அது ஆறிப் போனது. காண்டீன்காரி மேஜைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் மேஜையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

ஓல்டா திரும்பி வந்தபோது கை கழுவியிருந்தான், தலை வாரியிருந்தான். உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்க நிறுத்தியவன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவன் உதடு முன்கூட்டியே அசைந்து பார்த்துக்கொண்டது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"எனக்கும் இங்க ஒண்ணு குடுத்திருக்காங்க. போரூபால, மூணாவது மாடி" என்றான். பிறகு மூச்சை இழுத்து, அவளுக்காகவே, பாடுபட்டு நீட்டினான். "சின்ன பீட். ஒரே ரூம். ஆனா ரெண்டு பேருக்கு ஒரு பீட் போதும்."

தவறான இடத்தில் நீட்டிவிட்டான். ஃப்ளாட் என்று சொல்ல வந்தவன், தன்னிடம் சின்னதாக ஒரு 'இருப்பது' இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தான். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல அவள் முகத்தையே பார்த்தான்.

ரத்மிலாவின் விரல் பழக்க தோஷத்தில் மேஜை விளிம்பில் ஒரு பொத்தானைத் தேடியது. பிறகு அந்தக் கையால் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

"சரியாச் சொன்ன" என்றாள். "வா, போலாம்."