நுரைக்காத கல்

சாமானைத் திருப்பித் தர வருகிறவர்களின் முகம், வாங்கும்போது இருந்ததைவிட எப்போதும் நீளமாக இருக்கும். சுன்னாகத்திலுள்ள என் ஹாட்வெயார் கடைக்கு அசிற் போத்தலோடு வந்த பிரணவனின் முகமும் அப்படித்தான். டியூட்டறியில் இரசாயனம் படிப்பிக்கிறவன்.

அவன் பின்னால் ஓர் உரப்பையோடு நீர்வேலிச் சுவர்ணா. கடல்நீரேரிப் பக்கமாக இருந்த அவளுடைய வெங்காயக் காணியில் உப்பேறி, மண் ஓடு போல இறுகி, இரண்டு போகமாக ஒன்றும் முளைக்கவில்லை. ஜிப்சம் போட்டு மாரி மழையில் கழுவ விட்டால் மண் இளகும் என்று சொல்லியிருந்தார்கள். ஜிப்சம் ஊரில் எங்கும் இல்லை. இருந்திருந்தால் முதலில் நான் விற்றிருப்பேன். கைவிடப்பட்ட உப்பளத்தின் அடியில் கிடந்த வெள்ளைப் பொருக்கை அவள் பெயர்த்து வந்து, அது ஜிப்சமாக இருக்குமோ என்று சோதிக்கப் பிரணவனிடம் கொடுத்திருந்தாள். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காணியை இறால் பண்ணைக்காரனுக்கு விற்றுவிடுவதாகப் பேச்சு.

“அண்ணை, நீங்கள் தந்தது அசிற்றோ, கிணத்துத் தண்ணியோ? இந்தப் பொருக்கிலை விட ஒரு குமிழி வரேல்லை,” என்றான் பிரணவன்.

அவனையும் குறை சொல்ல முடியாது. எங்கள் கிணறு, மதில், படி எல்லாம் சுண்ணாம்புக்கல். எதில் அசிற் விட்டாலும் நுரைக்கும். நுரைக்காத கல்லை அவன் கண்டதில்லை. ஆகவே பிழை கடைக்காரனுடையது. கலப்படம் என்ற பேர் சந்தைக்குள் போனால் திரும்பி வராது. போத்தலை வாங்கி என் வாசற்படியில் கொஞ்சம் ஊற்றினேன். புசுபுசுவென்று பொங்கியது.

“இப்ப சொல்லும் மாஸ்ரர். பிழை அசிற்றிலையோ, கல்லிலையோ?”

அவன் பொருக்கைப் பார்த்தான். பையைத் தூக்கிக்கொண்டு டியூட்டறிக்கு நடந்தான். நாங்களும் பின்னால் போனோம்.

பொருக்கைப் பலமுறை அலசி உப்பைப் போக்கினான். தூளாக்கி, தண்ணீரில் கரைத்து வடித்து, இரண்டு குழாய்களில் பிரித்தான். ஒன்றில் பேரியம் குளோரைட் விட்டான். தெளிந்த தண்ணீர் பாலாக வெளுத்தது. அசிற் விட்டும் அந்த வெண்மை கரையவில்லை. சல்பேற் என்றான். மற்றதில் ஒக்சலேற் விட, அதுவும் வெளுத்தது. கல்சியம்.

“ரெண்டும் சேர்ந்தால் ஜிப்சம்தான் அக்கா. ஆனால் உப்பைக் கழுவிப்போட்டுத்தான் காணிக்குப் போடோணும். முதல்லை ஒரு பாத்தியிலை பாருங்கோ.”

சுவர்ணா போனை எடுத்துப் பண்ணைக்காரனைக் கூப்பிட்டாள். அவன் விலையை ஏற்றுவது எனக்கே கேட்டது. பழக்க தோஷம், இன்னும் ஏறும், பொறு என்று விரலால் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

“இல்லைத் தம்பி, காணி விக்கேல்லை. மாரிக்கு முதல் எனக்கு வேலை கிடக்கு.”

போனை வைத்துவிட்டு, உப்பளத்துப் பொருக்கைக் கொத்திப் பெயர்க்க என்னிடம் பிக்கான் இருக்கிறதா என்று கேட்டாள். ஓம் என்றேன். விலையைக்கூடக் கேட்காமல் கடைப்பக்கம் நடக்கத் தொடங்கினாள்.