குடும்பத் தலைவருக்கு ஒரு கேடயம்

கள்ளக்குறிச்சியில் முதல் முறையாகக் ‘குடும்பத்தோடு பார்க்கும் குறும்பட விழா’ நடந்தது. குடும்பம் என்றால் விழாத் தலைவர் கொளஞ்சியப்பனின் குடும்பம் என்பது, படம் அனுப்பியிருந்த எழில்மதிக்கு மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் விளங்கியது. வரவேற்புரை அவர் மைத்துனர், அறிவிப்பு அவர் மருமகள், முதல் வரிசை முழுக்கச் சம்பந்தி வீட்டார்.

விதிகள் மட்டும் கறாரானவை. படத்தில் பாட்டில் தெரியக்கூடாது, பீடி புகையக்கூடாது, கெட்ட வார்த்தை வரக்கூடாது. இத்தனையும் போட்ட கொளஞ்சியப்பன் ஊரில் இரண்டு பார் நடத்துகிறவர். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

எழில்மதியின் படம் ஏழு நிமிடம். பேர் ‘குடும்பத் தலைவர்’. கருணாபுரத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, ரேஷன் கார்டில் அவன் போட்டோவை எடுத்துவிட்டுத் தன் போட்டோவைப் போடச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக அலைகிற கதை. நடித்தது எழில்மதியின் அம்மா செவ்வந்தி. நடிப்பு என்ன நடிப்பு, நிஜமாகவே அலைந்தவள் அவள்தான். மகள் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை அலையவிட்டாள். அம்மா தன் முகத்தை ஒரு தடவையாவது பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும். எழில்மதிக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் சித்தாள் வேலைக்கு லீவு போடவைத்து அழைத்து வந்திருந்தாள்.

பத்து மணிக்குத் தொடங்கிய பொன்னாடை பன்னிரண்டரை ஆகியும் ஓயவில்லை. திரை கட்டிய ஆளுக்கும் பொன்னாடை, திரையை மறைத்துப் பேனர் கட்டிய ஆளுக்கும் பொன்னாடை. படம் ஒன்றுகூட ஓடவில்லை.

“இன்னாடி, எப்ப போடுவாங்க?”

“போடுவாங்கம்மா. சும்மா குந்து.”

நேரம் போதாததால் நேராக விருதுக்குப் போகிறோம் என்று ஒரு மணிக்கு மருமகள் அறிவித்தாள். எழில்மதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சிறந்த குடும்பப் படம், குடும்பத் தலைவர்!”

கொளஞ்சியப்பன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “இந்தப் படத்த நான் மூணு தபா பாத்தேங்க. ஒரு அப்பன் குடும்பத்துக்காக இன்னா பாடுபடுறாரு! கண்ணுல தண்ணி வந்துடுச்சி. அப்பாவா நடிச்சவருக்கு சிறந்த தந்தை விருது. மேடைக்கு வாங்க சார்!”

மனுஷன் தலைப்பைத் தாண்டவேயில்லை. செவ்வந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள்.

“நீ யாரும்மா? அவரு சம்சாரமா?”

“நான்தாங்க குடும்பத் தலைவர். கார்டுல இப்ப என் போட்டோதான் கீது. அந்தாளு படத்துலயே இல்லீங்க, செத்துட்டாரு.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கொளஞ்சியப்பன் அவசரமாகக் கேடயத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“நீங்க மூணு தபா பாத்தீங்க. நான் ஒரு தபாகூட பாக்கலீங்க. படத்தப் போடுங்க.”

“சாப்பாட்டு டைம்மா…”

“எனக்கு இன்னிக்கி வேலை இல்லீங்க,” என்று அவருடைய நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள் செவ்வந்தி. பெண்கள் பக்கமிருந்து “போடுங்கய்யா!” என்று குரல்கள் கிளம்பின. பேனரை அவிழ்த்தார்கள், விளக்கை அணைத்தார்கள்.

“ஐயே, இம்மாம் பெருசா கீறேன்!”

அம்மா கூவியதைக் கேட்டு எழில்மதி சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

திரையில் அலுவலகத்து ஆள் கேட்டார். “வூட்டுக்காரர் எப்பிடிம்மா செத்தாரு?”

“குடிச்சிதாங்க.”

மண்டபத்து ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். கொளஞ்சியப்பன் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்டார்.