குழியில் மிஞ்சிய இரத்தம்

ஊர் திரும்பும் வழியைக் கேட்கத்தான் நிகாண்டர் உயிரோடு பாதாளத்துக்கு வந்தான். இறந்துபோன குறிசொல்லி, குழியில் ஊற்றிய ஆட்டு இரத்தத்தைக் குடித்து, வழியைச் சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் அவனால் கிளம்ப முடியவில்லை. நிழல்களாய் நின்ற இறந்தவர்களின் வரிசையில் கடைசியாக மிர்ட்டோ நின்றிருந்தாள்.

அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்த அடிமைப்பெண் அவள். அவனுடைய ஆறு வயதில் வந்த காய்ச்சலில் அவனை மடியில் கிடத்திக் காப்பாற்றிவிட்டு, அதே காய்ச்சலில் செத்துப்போனாள். பிழைத்ததற்காக எத்தனையோ தெய்வங்களுக்கு அவன் ஆடு வெட்டியிருக்கிறான். அவளுக்கென்று ஒரு சொட்டு இரத்தம்கூட ஊற்றியதில்லை.

"மிர்ட்டோம்மா!"

அவள் வெறுமனே பார்த்தாள். இரத்தம் குடிக்காத நிழலுக்கு யாரையும் அடையாளம் தெரியாது. குழியில் மிஞ்சியதோ கொஞ்சம். அதையும் மண் உறிஞ்சிக்கொண்டிருந்தது. முன்பே குடித்திருந்த ஓர் அரசன் மறுபடி குனிந்தான். நிகாண்டர் வாளை நீட்டினான்.

"ஒரு அடிமைக்காக ராஜாவையே தடுக்கறியா?"

"நீங்கதான் குடிச்சாச்சே. தள்ளுங்க."

அரசன் பின்வாங்கியதும் வாளைக் கீழே போட்டுவிட்டு, மிஞ்சிய இரத்தத்தை இரு கைகளாலும் அள்ளிக்கொண்டு அவளிடம் ஓடினான். அவள் குடித்தாள். கண்களில் மெல்ல ஒளி வந்தது.

"பால் குடிக்கறப்ப கடிச்சு வைப்பியே, அந்தப் பயலாடா நீ?"

"நானேதான்மா. நீ காப்பாத்துன உசிரு."

"பொழச்சுட்டியா?" அவள் அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். "அது தெரியாமலே போயிட்டேன்டா."

அதன்பின் அவள் வரிசையின் கடைசிக்குத் திரும்பவில்லை. அரசர்களுக்கு முன்னால், அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.