மூன்றாம் ஓலை

மரியபுஷ்பத்துக்கு வாய்தான் பலம். மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பதினெட்டு வருஷம் நர்ஸ் வேலை. கருவைக் கலைக்கப் போகிறேன் என்று நின்ற ஏழு பெண்களை அவள் பேசிப் பேசியே திருப்பியிருக்கிறாள். திட்டுவாள், கொஞ்சுவாள், கூடச் சேர்ந்து அழுவாள். கடைசியில் அந்தப் பெண் சரி என்று சொல்லித்தான் எழுந்து போவாள்.

கணவர் தேவநேசன் கோர்ட்டில் குமாஸ்தா. சட்டம் என்று ஒன்று எழுதி வைத்திருக்கும்போது பேச்சு எதற்கு என்பது அவர் கட்சி. சோற்றில் கை வைத்தால் இந்தச் சண்டைதான்.

"ஏழு பேரைத் திருப்பினே, சரி. மத்தவங்க? எவளோ ஒருத்தி இந்த ஊர்ல இதையே தொழிலா பண்றா. அவளைப் பிடிச்சு உள்ள போட்டா எல்லாம் நிக்கும். சும்மா பேசி என்ன பிரயோஜனம்?"

"பயந்தவ கலைக்காம இருக்க மாட்டா. மறைஞ்சு போய்க் கலைப்பா."

"போன வருஷம் உன் வார்டுல மாதம்மான்னு ஒருத்தி செத்தாளே, இருபத்திரண்டு வயசு. அவகிட்ட நீ பேசினியா?"

அந்த இடத்தில் மரியபுஷ்பம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். மாதம்மாவைச் சாகடித்த கை எது என்று அவளுக்குத் தெரியும். மண்டி மொஹல்லா கெம்பம்மாவின் கை. ஆனால் பெயரை அவள் வெளியே விட்டதில்லை. விட்டால் வருகிறவர்கள் தன்னிடமும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தாள்.

அந்த ஆகஸ்டில் ஐவி வந்தாள். தேவநேசனுடைய விதவைத் தங்கை டோரதியின் ஒரே மகள், ஆரம்பப் பள்ளி டீச்சர். மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

"அத்தை, வியாழக்கிழமை கெம்பம்மா வரச் சொல்லியிருக்கா."

மரியபுஷ்பத்துக்கு ஓங்கி ஓர் அறை விடத் தோன்றியது. அடக்கிக்கொண்டாள். "யாரு? அந்த ரயில்வே மைக்கேலா?"

"கட்டிக்கிறேன்னுதான் சொல்றான். அவங்கம்மாவுக்குத்தான் பயப்படறான். அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துருவாங்க அத்தை."

"உங்கம்மா அவ்வளவு சுலபத்துல சாகற ஆளா? என்னையே இருபது வருஷமா சாகடிக்கிறா!"

அழுகைக்கு நடுவில் ஐவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டாள் மரியபுஷ்பம். மாதம்மா கிடந்த கிடையைச் சொன்னாள். வயிற்றில் இருப்பதும் கடவுள் கொடுத்த உயிர்தானடி என்றாள். சாயங்காலம்வரை பேசினாள்.

"மூணு ஞாயிறு பொறுத்துக்கோ. மாதா கோயில்ல மூணு ஓலை வாசிச்சா நாலாவது வாரம் தாலி. குழந்தை அவசரப்பட்டுப் பிறந்துடுச்சுன்னு ஊருக்கு நான் சொல்றேன். என் கையிலதானே பிறக்கப் போகுது?"

"வெளியே யாருக்கும் தெரியாதே?"

"என் மேல சத்தியம்."

ஐவி வியாழக்கிழமை போகவில்லை. மைக்கேலின் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லாமல் சம்மதத்தை வாங்கினாள் மரியபுஷ்பம். ஞாயிறு பூசையில் சாமியார் முதல் ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். யாரும் இருமக்கூட இல்லை. ஐவி முக்காட்டுக்குள்ளிருந்து அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த மத்தியானம் சும்மா இருந்திருக்கலாம். ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றிக்கொண்டே, அந்தப் பாழும் வாய் திறந்தது.

"ஒரு பொண்ணு. பேர் கேக்காதீங்க. கெம்பம்மா வாசல் வரைக்கும் போனவளைத் திருப்பிட்டேன். உங்க சட்டம் பண்ணுமா இதை?"

"எந்தக் கெம்பம்மா?"

"மண்டி மொஹல்லா, எண்ணெய்க்கடைச் சந்து."

தேவநேசன் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். கடைசியில் தோற்றுப்போனார் மனுஷன் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. பெண்ணின் பெயரைத்தான் சொல்லவில்லையே என்று ஒரு திருப்தி வேறு.

செவ்வாய்க்கிழமை போலீஸ் கெம்பம்மாவைப் பிடித்துக்கொண்டு போனது.

"நீங்களா?" என்று கேட்டாள்.

"மொட்டை மனு போட்டேன். மாதம்மாவுக்காக" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சண்டை போட அவளுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி அந்தக் கை யாரையும் தொடாது. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையும் நல்லபடியாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை தேவநேசன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புஷ்பம், அந்தப் பொண்ணு நம்ம ஐவியா?"

அவள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

"தன்கிட்ட வந்தவங்க பேரையெல்லாம் கெம்பம்மா போலீஸ்ல சொல்லிட்டா. திங்கக்கிழமை சாட்சி சொல்ல சம்மன் போயிருக்கு. பட்டியல்ல அவ பேரைப் பார்த்தேன்."

"கிழிச்சுப் போடுங்க அதை!"

"நம்பர் போட்டு, சீல் வெச்சுப் போயாச்சு புஷ்பம். நான் மொட்டை மனு போட்டவன், கோர்ட்டுல சம்பளம் வாங்கறவன். எந்த வாயால நிறுத்தச் சொல்லுவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, ஐவி குடியிருந்த லைன் வீடுகளில் எல்லாரும் குழாயடியில் நிற்கிற நேரத்தில், ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளை நிறுத்தினார். "ஐவிங்கறது யாரம்மா?" என்று கன்னடத்தில் உரக்கக் கேட்டார். எந்தக் கேஸ் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்க, அதையும் சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு மைக்கேலின் அம்மா, கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி சாமியார் பங்களாவில் இருந்தாள். மைக்கேல் அவள் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். ஆம்பிள்ளையாம், தூ!

ஞாயிறு பூசையில் சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்துவிட்டுப் பிரசங்கத்துக்குப் போய்விட்டார். மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தபோது ஐவி வழக்கமாக உட்காரும் இடம் காலி.

மத்தியானம் அவளை ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். என்னத்தைக் காய்ச்சிக் குடித்தாளோ, யார் சொன்னார்களோ, தெரியாது. காலையிலேயே ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்கு எழுதிவிடுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறாள். டோரதி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தேவநேசன் கதவுக்கு இந்தப் பக்கம் வரவேயில்லை.

"மூணு ஞாயிறுன்னு சொன்னீங்களே, அத்தை" என்றாள் ஐவி. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குப் புரியாத பிள்ளை கேட்பது போலத்தான் கேட்டாள். மரியபுஷ்பம் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐவி செத்துப்போனாள்.

தேவநேசன் அதற்குள் கோர்ட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். மாஜிஸ்திரேட்டின் காலில் விழுந்தாவது சாட்சிப் பட்டியலிலிருந்து பிள்ளை பெயரை எடுக்கச் சொல்கிறேன், அவள் பிழைத்து வந்தால் நிம்மதியாக இருக்கட்டும் என்று டோரதியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அவரிடம் யாராவது சொல்லத்தானே வேண்டும்? மரியபுஷ்பம் யூனிபாரத்தோடு நடந்தாள். சேலையில் ரத்தம் பட்டிருந்ததை ரோட்டில் போகிறவர்கள் பார்த்த பிறகுதான் அவளே பார்த்தாள்.

கோர்ட்டு வராந்தாவில் அவள் ஏறும்போது, சாட்சிகளைக் கூப்பிடும் டவாலி வெளியே வந்து, கையை வாயருகே குவித்துக்கொண்டார்.

"ஐவி!"

உள்ளே மேஜையடியில் தேவநேசன் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அவளையும் சேலையையும் பார்த்தார்.

"ஐவி!"

ஊரையே பேசித் திருப்புகிற வாய். ஒரு சொல் வரவில்லை அவளுக்கு. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

"ஐவி!"

மூன்று தடவை கூப்பிட்டாகிவிட்டது. சாட்சி வரவில்லையா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தேவநேசன் குனிந்து, ஆஜர் இல்லை என்று எழுதினார்.